மாற்றுவழி போட்ட பின்னும் வரும் நெஞ்சுநோ

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் முதியவர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். எட்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு இருதய மாற்றுவழிச் சத்திரசிகிச்சை, அதாவது 'பைபாஸ்', நடைபெற்றது. சுகமாகி மீண்டும் மண்வெட்டி பிடித்தார். இப்பொழுது சில நாட்களாக, வரம்பு கட்டும்போது நெஞ்சில் ஓர் அழுத்தம். சற்றே குந்தியிருந்தால் விட்டுவிடுகிறது. "நெஞ்சைப் பிளந்து திருத்தியாயிற்று, இது வாய்வுதான்" என்று ஓமத் தண்ணீர் குடிக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை.

அவருக்குத் திருத்தப்பட்டது பாதை, நோயன்று. 1967இல் ஆர்ஜென்ரீன வைத்தியர் ரெனே ஃபவலோரோ, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே, காலிலிருந்து எடுத்த நாளத்தை இருதயத்தில் இணைக்கும் முறையை நிலைநாட்டினார். அவ்வாறு இணைத்த கால் நாளங்களில் பாதிக்குக் கிட்டியவை பத்தாண்டுகளில் அடைபட்டுவிடக்கூடும். நெஞ்சின் உட்புறத்திலிருந்து எடுக்கும் நாடியோ நெடுங்காலம் உழைக்கும்.

ஆயினும் நெஞ்சில் வரும் நோவெல்லாம் இருதய நோவன்று. கம்பியிட்டுப் பொருத்திய நெஞ்செலும்பு இருமும்போதும் உடலைத் திருப்பும்போதும் நோகும். விரலால் அழுத்தினால் இடம் காட்டும். இடப்புறத்தில் விறைப்பும் எரிவும் மாதக்கணக்கில் நிற்பதுண்டு. இவற்றை அடுத்த கிளினிக்கில் சொன்னாற் போதும்.

வேலை செய்கையில் வந்து, ஓய்ந்தால் தணிந்து, தாடைக்கும் கைக்கும் பரவும் இறுக்கம் வேறு. சத்திரசிகிச்சைக்கு முன் அனுபவித்தவருக்கு அதன் முகம் தெரியும். நீரிழிவுள்ளவருக்கு நோவே இன்றி மூச்சுத்திணறலும் வியர்வையும் மட்டும் வரலாம். இது புதிதாகத் தோன்றினாலும், முன்னிலும் அதிகரித்தாலும், கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

நோ வந்தவுடன் வேலையை விட்டு உட்காருங்கள். நாவின் கீழ் வைக்கும் குளிசை தரப்பட்டிருந்தால், உட்கார்ந்தபடியே ஒன்றை வையுங்கள்; நின்றால் தலை சுற்றும். ஐந்து நிமிடத்தில் நோ தணியாவிடில் 1990ஐ அழையுங்கள். இந்த இலவச அம்புலன்ஸ் சேவை 2018இல் வடமாகாணத்துக்கும் வந்தது. அந்தக் குளிசையைக் கடதாசியில் சுற்றி மடியிலே முடிந்து திரிவோர் பலர். வன்னி வெயிலுக்கு அதன் வீரியம் பறந்துவிடும். அது வந்த கண்ணாடிப் போத்தலிலேயே, மூடி இறுக்கி, நிழலில் வைக்கவேண்டும். அஸ்பிரினையும் கொழுப்பைக் குறைக்கும் குளிசையையும் சுகமாயிருக்கிறதென்று தாமாக நிறுத்துவது பெரும் பிழை.

முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் ஏறக்குறைய ஐம்பது கிலோமீற்றர். இரவில் யானைப் பயமும் உண்டு. ஆகையால், யாழ்ப்பாணத்துக்கே போகவேண்டுமென்று வாகனம் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். கிளிநொச்சியோ, மாஞ்சோலையோ, வவுனியாவோ, கிட்டிய வைத்தியசாலையில் முதலில் ஈ.சீ.ஜீ. எடுக்கட்டும், அப்பால் அனுப்புவதை வைத்தியர் தீர்மானிப்பார். எந்த நாளம் எங்கே இணைக்கப்பட்டது என்ற சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியைக் கிளினிக் கொப்பியுடன் சேர்த்து வையுங்கள். கொப்பி இருக்கும் இடம் வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.