மீண்டும் எழுதுவோம்



நம் வகுப்பில் ஓர் அக்கா இருக்கிறார். பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்குவார். கட்டி விற்பார். தன் கதையை நோட்டில் எழுதி வந்தார். ஒரு நாள் 'விளக்கு' என்பதை 'விலக்கு' என்று எழுதிவிட்டார். அதைப் பார்த்து ஒருவர் சிரித்தார். அக்கா நோட்டை மூடினார். "எனக்கு எழுத வராது தம்பி" என்றார்.

சிரித்தது நான்தான். அது என் தவறு. அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

பெரிய எழுத்தாளர்களின் பேனாவும் நின்று போவது உண்டு.

நாமக்கல் மாவட்டத்துக்காரர் பெருமாள்முருகன். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். 2010-இல் அவருடைய 'மாதொருபாகன்' நாவல் வந்தது. குழந்தை இல்லாத கணவன் மனைவியின் கதை அது. 2014 கடைசியில் அதற்குக் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. அவர் மனம் உடைந்தார். 2015 ஜனவரியில், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று தானே அறிவித்தார்.

ஆனால் அந்த மௌன காலத்திலேயே கவிதைகள் வந்தன. அச்சிடவில்லை. எழுதி வைத்துக்கொண்டார்.

2016 ஜூலை 5-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுத்தாளர் மீண்டும் எழுதட்டும் என்றது. அந்த ஆண்டே கவிதைகள் புத்தகமாக வந்தன. பெயர் என்ன தெரியுமா? 'கோழையின் பாடல்கள்'. தன் பயத்தை அவர் மறைக்கவில்லை.

அடுத்து 'பூனாச்சி' நாவல் வந்தது. மனிதர்களைப் பற்றி எழுத அவருக்கு அச்சம். ஆகவே, தனக்கு நன்றாகத் தெரிந்த வெள்ளாட்டைப் பற்றி எழுதினார். ஒரு கறுப்புக் குட்டியின் கதை. அதில் பசி உண்டு. பாசம் உண்டு. பயமும் உண்டு.

இதில் நமக்கு என்ன பாடம்?

பயம் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பயத்தையே எழுதலாம். பெரிய கதை வரவில்லையா? நான்கு வரி போதும். நன்றாகத் தெரிந்ததை எழுதுங்கள். உடனே யாருக்கும் காட்ட வேண்டாம். எழுத்துப் பிழையைப் பிறகு திருத்தலாம். எழுதாத கதையைத் திருத்த முடியுமா?

அக்கா, விடியற்காலை மார்க்கெட் உங்களுக்குத் தெரியும். ஈரச் சாக்கும், வாழை நாரும், கனகாம்பரமும் தெரியும். எனக்கு அது தெரியாது. நீங்கள் எழுதினால்தான் தெரியும்.

நோட்டைத் திறங்கள் அக்கா. எல்லோரும் திறப்போம். நானும் எழுதுகிறேன்.