மானாவாரித் தொழில்



மாதச் சம்பளத்துக்கு ஒருவரிடம் அமராமல், வருகிற வேலைக்குக் கூலி பேசிப் படமும் எழுத்தும் வரைந்து கொடுத்துப் பிழைப்பவனை எங்கள் பக்கத்தில் ‘டிசைனர்’ என்றே அழைக்கிறார்கள். தீப்பெட்டி லேபிள், கடலைமிட்டாய் உறை, கடைப் பலகை, கலியாணப் பத்திரிகை, நாட்காட்டி ஆகியவையே என் வேலை. கயத்தாற்றில் வீட்டுத் திண்ணையை ஒட்டிய ஓர் அறையே என் தொழிற்கூடம். இத்தொழிலில் இறங்க எண்ணுவோர் இன்று உங்களுள் பலர் இருக்கலாம். அவர்களுக்குப் பயன்படக் கூடிய சில செய்திகளைச் சொல்ல விழைகிறேன்.

கயத்தாறு என்றதும் 1799-ஆம் ஆண்டில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடம் என்பதுதான் பலருக்கும் நினைவு வரும். ஓவியம் எவருக்கும் நினைவு வராது. ஆயினும் இந்தக் கரிசல் பூமியில் ஓவியத் தொழில் செழித்ததற்குத் தக்க காரணம் உண்டு. 1922-இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகத்துக்குப் படம் வேண்டும். இவ்வாறு ஒரு தொழில் இன்னொரு தொழிலைக் கையைப் பிடித்து அழைத்து வந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் நிலம் கைவிட்டவர்களுக்கு இத்தொழில்களே கஞ்சி வார்த்தன.

அந்த வரிசையில் முதலில் வைத்து எண்ணத் தக்கவர் கோவில்பட்டி சி. கொண்டையராஜு அவர்கள். 1898-இல் பிறந்து 1976-இல் மறைந்த அவர், சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர். பின்னர்க் கோவில்பட்டியிலேயே நிலைகொண்டு, காலண்டருக்குத் தெய்வப் படங்கள் எழுதினார். ஆண்டு முடிந்ததும் நாட்காட்டியைக் கழித்துவிடுவது உலக வழக்கம். அவர் எழுதிய படங்களையோ, மக்கள் தேதித் தாளை நீக்கிவிட்டுக் கண்ணாடிச் சட்டமிட்டுப் பூசை அறையில் மாட்டினார்கள்.

அவருடைய வாழ்விலிருந்து நான் இரண்டு பாடங்களை எடுத்துக்கொண்டேன். நாடகத் திரை, கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவனுக்கும் தெரிய வேண்டும். அந்தப் பயிற்சியே சுவரில் தொங்கும் படத்துக்கும் உதவியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. எவர், எங்கிருந்து, எவ்வளவு நேரம் பார்ப்பார் என்று கேட்டுக்கொண்ட பிறகே வரையத் தொடங்க வேண்டும். இது முதற்பாடம். அவருடைய சீடர்களுள் டி. எஸ். சுப்பையா, எம். ராமலிங்கம் போன்றோர் தாமே பெயர் பெற்ற ஓவியர்களாயினர். குருவின் பெயரும் சீடர் பெயரும் சேர்ந்து கையெழுத்தான படங்களும் உண்டு. தனித்துத் தொழில் செய்வது வேறு, தனியனாய் இருப்பது வேறு. இது இரண்டாம் பாடம்.

இனித் தொழிலின் நுட்பத்துக்கு வருவோம். கணினித் திரையில் தோன்றும் நிறம் ஒளியால் ஆனது. தாளில் பதியும் நிறம் மையால் ஆனது. சயான் நீலம், மெஜந்தா சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளின் புள்ளிகள் நெருங்கியும் விலகியும் அமைந்தே அச்சில் எல்லா நிறங்களும் தோன்றுகின்றன. திரையில் மின்னும் பச்சை, மலிவான அட்டையில் மங்கிப்போகும். தீப்பெட்டி அட்டை மையை உறிஞ்சும். மெல்லிய கோடுகள் பரவி ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆகவே அச்சகத்தில் நின்று, இயந்திரம் ஓட்டுபவரிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளாத டிசைனர், நிலத்தைப் பாராமல் விதை வாங்குகிற சம்சாரிக்கு ஒப்பாவார்.

அடுத்து நான் சொல்லப்போவது நேர்மையைப் பற்றியது. எழுத்தறியாதவர்களும் தீப்பெட்டி வாங்குகிறார்கள். அவர்கள் கடையில் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை; படத்தைச் சொல்லிக் கேட்கிறார்கள். அங்கே படம்தான் பெயர். நான் தொழில் தொடங்கிய சில ஆண்டுகளில் ஒரு வியாபாரி வந்தார். நன்கு விற்பனையாகும் ஒரு லேபிளை மேசைமேல் வைத்து, “தம்பி, இதே மாதிரி இருக்கட்டும், பேரை மட்டும் லேசா மாத்திருங்க” என்றார். வழக்கமான கூலியைப் போல் இரண்டு மடங்கு தருவதாகவும் சொன்னார். கையில் வேறு வேலை இல்லாத மாதம் அது. “அண்ணாச்சி, உங்களுக்கென்று புதுப்படம் ஒன்று எழுதித் தருகிறேன், இது மட்டும் என்னால் ஆகாது” என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. அந்த ஆண்டு நெருக்கடியாகத்தான் கழிந்தது. ஆயினும், பிறர் பல்லாண்டு உழைத்துத் தேடிய முகத்தைத் திருடிக் கொடுத்துவிட்டு, என் முகத்தை எங்கே கொண்டு வைப்பது? சட்டமும் இதையே சொல்கிறது. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டப்படி, பதிவான குறியை உரிமையின்றி லேபிளில் தெரிந்தே பதிப்பவரும் அத்துமீறலில் பங்காளியே.

நம் உரிமையையும் நாம் அறிந்திருக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் தம் பணியின் பகுதியாக வரைந்ததற்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, முதலாளியே உரிமையாளர். தனித்தொழிலருக்கோ, தாம் படைத்ததன் முதல் உரிமை பொதுவாகத் தம்மிடமே நிற்கும். ஆனால் பணம் பெற்றுக்கொண்டு, பிறர் கேட்டு எடுத்த புகைப்படத்துக்கும் எழுதிய வண்ண ஓவியத்துக்கும், வேறு உடன்பாடு இல்லையேல், கேட்டவரே உரிமையாளர். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில்தான் செல்லும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எனவே எதை, எத்தனை காலத்துக்கு, எந்தப் பயனுக்குக் கொடுக்கிறோம் என்பதை ஒரு பக்கத் தாளிலாவது எழுதி இருவரும் கையொப்பமிடுவது நலம். உறவினராயினும் எழுத வேண்டும். எழுதியதனால் உறவு கெடுவதில்லை. எழுதாததனால் கெட்ட உறவுகளை நான் கண்டிருக்கிறேன்.

கூலி பெறுவதும் ஒரு கலையே. முன்பணம் வாங்கிய பின்னரே எழுதுகோலைத் தொட வேண்டும். எத்தனை முறை திருத்தித் தருவோம் என்பதையும் முன்னரே சொல்லிவிட வேண்டும். ‘உத்யம்’ தளத்தில் தொழிலைப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அவ்வாறு பதிந்த சிறுதொழிலருக்கு 2006-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது. எழுத்து உடன்பாடு இருப்பினும் 45 நாள்களுக்குமேல் பணத்தை நிறுத்திவைக்கலாகாது. உடன்பாடு இல்லையேல் 15 நாள்களே தவணை. தாமதித்தால் கூட்டு வட்டியும் சேரும்.

இத்தொழிலில் வருமானம் சீராக வராது. சிவகாசியில் அடுத்த ஆண்டுக்குரிய காலண்டர் மாதிரிகள் ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வெளியாவது வழக்கம். படவேலையெல்லாம் அதற்கு முன்பு முடிந்தாக வேண்டும். பிறகு தை பிறக்கும்வரை அச்சகங்களுக்கு ஓய்வில்லை. தை கழிந்தால் எங்களுக்கு வேலையில்லை. இதைக் கண்டு அஞ்சுவோர்க்கு எங்கள் சம்சாரியே நல்லாசிரியர். ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழையைக் கரிசல் மண் தன் வயிற்றில் தேக்கிவைத்துக்கொள்கிறது. மழை நின்ற பின்னும் அந்த ஈரத்தில் பயிர் விளைகிறது. சம்சாரி பருத்தியை மட்டும் நம்புவதில்லை. உளுந்தும் பாசியும் கம்பும் விதைக்கிறார். விதைத் தானியத்தை எடுத்து உண்பதில்லை. அவ்வாறே, வேலை மிகுந்த மாதத்தின் பணத்தில் ஆறு மாத உணவுக்கு ஒதுக்கிவைக்க வேண்டும். காலண்டர் ஒன்றையே நம்பாமல் மூன்று நான்கு வகை வேலைகளைப் பழகிக்கொள்ள வேண்டும். ஒரே வாடிக்கையாளரை நம்பி வாழ்பவன், சம்பளம் இல்லாத வேலைக்காரனே ஆவான்.

இன்று கணினியே கேட்ட மாத்திரத்தில் படம் வரைந்து கொடுத்துவிடுகிறது. இனி நமக்கு என்ன வேலை என்று இளைஞர்கள் என்னிடம் கேட்கிறார்கள். படம் கிடைப்பது எளிதாகலாம். ஆனால் கடலைமிட்டாய்க் கடைக்காரர் தம் தந்தையார் காலத்து உறையில் எதை மாற்ற மனம் ஒப்புவார், எதை மாற்ற ஒப்பார் என்பதை அவரோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேசித்தான் அறிய முடியும். கேட்கத் தெரிந்த செவி, வரையத் தெரிந்த கைக்கு மூத்தது.

ஆகவே மாணவர்களே, கையைப் பழக்குங்கள், அச்சை அறியுங்கள், சட்டத்தைப் படியுங்கள், கணக்கை எழுதுங்கள், பிறர் உழைப்பைத் தொடாதீர்கள். பட்டணம் போனால்தான் பிழைப்பு என்று எண்ண வேண்டா. இருந்த ஊரில் இருந்தபடியே நாலு பேர் மதிக்க வாழ இத்தொழிலில் இடமுண்டு. அந்த இடம் சிறியதுதான். ஆனால் அது நம்முடையது.