தண்ணீர் வடியும்போது போங்கள்



சென்னையில் பறவை பார்க்க எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் பள்ளிக்கரணை என்றால், "குப்பைமேடு இருக்கிற இடமாச்சே!" என்று முகம் சுளிப்பார்கள். சுளிக்கக் காரணம் இல்லாமல் இல்லை. பெருங்குடிக் குப்பைக்கிடங்கு, குறுக்கே ஓடும் ரேடியல் சாலை, அலுவலகக் கட்டடங்கள் என நகரம் விழுங்கியது போக மிஞ்சிய சதுப்பு நிலம்தான் அது. 2007-இல் 317 ஹெக்டேர் வனத்துறையின் கைக்கு வந்தது. சீமைக் கருவேலமும் ஆகாயத்தாமரையும் அகற்றப்பட்டன. 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து நிலத்தை மீட்கும் பணியும் நடக்கிறது.

எப்போது போவது? ஏரி ததும்பி நின்றால்தான் நமக்கு மனசு நிறையும். பறவைகளின் கணக்கு வேறு. கார்த்திகை மழையில் பள்ளிக்கரணை நிரம்பிக் கிடக்கும்போது கூழைக்கடாவுக்கும் நாமக்கோழிக்கும் கொண்டாட்டம். ஆனால் நெடுங்கால் உள்ளானுக்கு அதன் கால் அளவு தண்ணீர்தான் வேண்டும். ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து அடிச்சேற்றை எட்டியாக வேண்டும். சின்னஞ்சிறு உள்ளான்களுக்கோ ஈரச்சேறே போதும். ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாக வெள்ளம் பக்கிங்காம் கால்வாய்க்கு வடிந்து, தை பிறந்து சேறு தலைகாட்டும்போதுதான் பந்தி களைகட்டும். பூநாரைகள் வருவதும் அப்போதுதான். காலால் சேற்றைக் கலக்கி, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து வடிகட்டித் தின்னும். செல்போனில் படம் எடுத்தால் வெறும் வெள்ளைப் புள்ளிகள்தான் விழும்; எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்றை இரவல் வாங்கியாவது எடுத்துப் போங்கள்.

பறவை பார்க்க விடியற்காலைதான் உகந்தது என்பார்கள். இங்கே ஒரு சிக்கல். வேளச்சேரி–தாம்பரம் சாலையோரத்துச் சூழலியல் பூங்காவில் நடைபாதை இருக்கிறது. குடும்பத்தோடு காலாற நடக்கலாம். ஆனால் அது சதுப்பின் மேற்குக் கரை. காலையில் வெயில் கண்ணில் அடிக்கும், பறவையெல்லாம் கறுப்பாகத் தெரியும். மாலையில் வெளிச்சம் நம் முதுகுப் பக்கம் வந்துவிடும். நீலத் தாழைக்கோழியின் நீலத்தை அப்போது பார்க்க வேண்டும்! பூங்கா திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நாற்றம் அடிக்குமா? காற்று குப்பைமேட்டுப் பக்கமிருந்து வீசினால் அடிக்கும். அதற்காகச் சேற்றையும் கோரையையும் வழித்தெடுத்து, சிமென்ட் கரை போட்டுப் படகு விட்டால் என்ன என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தச் சேறுதான் பறவைகளின் சமையலறை.

பொங்கல் விடுமுறையில் ஆண்டுதோறும் தமிழகமெங்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, இ-பேர்ட் செயலியில் பதிவிட்டால் போதும். வரும் பொங்கலுக்குப் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கலந்துகொள்ளுங்கள்.