மூட்டுநீர் காட்டும் உண்மை



முதியவர் ஒருவரின் முழங்கால் ஓரிரவில் வீங்கிச் சிவந்து கொதிக்கின்றது. "பழைய கவுட்டு நோய்தான், யூரிக் காடியுப்புப் படிந்திருக்கும், பொறுத்துக் கொள்வேன்" என்கின்றார். நாமும் நம்பிவிடுகின்றோம். நுண்ணுயிர் புகுந்து சீழ்கொண்ட மூட்டும் அவ்வாறே தோன்றும்! முதுமையில் காய்ச்சல் காணாமலும் இருக்கலாம். கவுட்டு தாக்கும்பொழுதுங்கூடக் குருதியில் யூரிக் காடி இயல்பளவாய் இருப்பதுண்டு.

எனவே, ஊசியால் மூட்டுநீரை எடுத்து ஆய்வதே உறுதியான வழி. அந்நீரில் கவுட்டின் உப்புப் படிகங்களை நுண்ணோக்கியால் காணலாமென 1961-இல் அமெரிக்க மருத்துவர் மக்கார்ட்டியும் ஆலந்தரும் காட்டினர். ஆயினும், படிகம் தென்பட்டமையால் நுண்ணுயிர் இல்லையென்றாகாது. இரண்டும் ஒருங்கே இருத்தல் கூடும். நுண்ணுயிர் வளர்கின்றதா என்பதையும் ஆய்தல் வேண்டும்.

நாள் தாழ்த்தின், சீழ் குருத்தெலும்பை அரித்துவிடும். பெற்றோர் பொறுப்பேன் என்றாலும் நாம் பொறுத்தலாகாது. அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்க!