ஒற்றைச் சில்லும் ஐம்பது வயதும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் சார்பில் நிகழ்த்திய உரை)



கல்வி பற்றியும் ஒழுக்கம் பற்றியும் எமக்கு முன் பேசியோர் அழகாகப் பேசி அமர்ந்தனர். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளோ ஒற்றைச் சில்லு வண்டி. துவிச்சக்கர வண்டியை நீங்கள் அறிவீர்கள். இது ஏகசக்கர வண்டி. சிலருடைய முகத்தில் புன்னகை அரும்புவதைக் காண்கிறோம். சர்க்கஸ் கூடாரத்தில் கோமாளி ஓட்டும் வண்டிக்குச் சமய சங்கத்தின் மேடையில் என்ன வேலை என்று எண்ணுகிறீர்கள் போலும். ஆனால் தைப்பொங்கலன்று நாம் முற்றத்தில் பானை வைத்து வணங்கும் சூரிய பகவானின் தேருக்கு ஒரே சில்லு என்றுதான் புராணங்கள் சொல்லுகின்றன. அத்தேரைச் செலுத்தும் அருணனோ தொடையின்றிப் பிறந்தவன். காலில்லாதவன் ஒற்றைச் சில்லுத் தேரை நாள் தவறாமல் ஓட்டுகிறான் என்று சொன்ன முன்னோர், இயலாது என்ற சொல்லை எளிதில் ஏற்காதவர்கள் அல்லவா?

இப்பொருளை நாங்கள் தெரிந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அது எங்களுக்குப் பெருமை தரும் காரணம் அன்று. ஆயினும் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டியவர். கல்முனைச் சந்தைக்குப் போய்வர நாள்தோறும் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர். ஒருநாள் மாலை தம் மகனுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு கோயிலின் பின்வீதிக்கு வந்தார். மதிலின்மேல் நாங்கள் ஐந்தாறு பேர் அமர்ந்திருந்தோம். மாமி ஏறினார், விழுந்தார். மறுபடியும் ஏறினார், மறுபடியும் விழுந்தார். மூன்றாம் முறை விழுந்தபோது எங்களுள் ஒருவன், “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்றான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாமி கோபிக்கவில்லை. சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினார். “சரி மக்காள், பொழுது படுகுது, உலை வைக்க வேணும்” என்று சொல்லிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அதன்பின் அவர் சைக்கிளில் கை வைத்ததை நாங்கள் காணவில்லை. இன்றும் பஸ்ஸுக்குத்தான் காத்து நிற்கிறார்.

பின்னர் பல்கலைக்கழகத்தில் நண்பர் ஒருவர் ஒற்றைச் சில்லு வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஏற முயன்ற முதல் மாலையில் நாங்கள் விழுந்த விழுகைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் அங்கே எவரும் சிரிக்கவில்லை. ஒருவர் தோள் கொடுத்தார். இன்னொருவர் சீற்றைப் பிடித்துக்கொண்டார். பல நாள் பயின்று பத்து முழத் தூரம் ஓட்டியபோது எங்களுக்கு மாமியின் முகந்தான் நினைவுக்கு வந்தது. அவருக்குக் குறைந்தது வயதன்று, ஒரு தோளே என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

பழமொழிகள் நம் முதுசொம். அவற்றை நாங்கள் இகழவில்லை. இளமையில் பழகாத நல்லொழுக்கம் முதுமையில் வருவதரிது என்று பெற்றோரை எச்சரிக்கப் பிறந்தது இப்பழமொழி. கற்க வரும் பெரியவரைத் தடுக்கப் பிறந்ததன்று. ஐம்பதிலும் வளைந்தவர்கள் உண்டென்பதற்குச் சான்றுகள் பல.

அமெரிக்காவில் பிரான்சிஸ் வில்லார்ட் என்னும் அம்மையார் இருந்தார். மதுவிலக்குக்கும் பெண்களின் வாக்குரிமைக்கும் உழைத்தவர். தமது ஐம்பத்து மூன்றாம் வயதில் சைக்கிள் பழகத் துணிந்தார். நீண்ட பாவாடை அணிந்த பெண் சைக்கிள் ஏறுவதை உலகம் விநோதமாகப் பார்த்த காலம் அது. நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிடமாக மூன்று மாதம் பயின்று வெற்றி கண்டார். அந்த அநுபவத்தை 1895 இல் ஒரு சிறு நூலாகவும் வெளியிட்டார். தொடக்கத்தில் அவர் அச்சத்தோடு ஏறி அமர்ந்தபோது வண்டியைத் தாங்கிப் பிடித்தவர்கள் மூன்று ஆங்கிலேய இளைஞர்கள். இளைஞர்களே, இந்த மூவரையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, கடலுக்கு அப்பால் நம் தமிழ் மண்ணுக்கே வருவோம். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 இல் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அப்போது அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் அம்மையார். எழுத்தறிவித்தலோடு சைக்கிள் ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பித்தனர். வயற்கூலிகள், கல்லுடைக்கும் தொழிலாளிகள், ஆசிரியைகள், தாதிமார் எனப் பலரும் கற்றனர். கட்டுப்பாடு மிகுந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண்களும் அவர்களுள் இருந்தனர். ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் பழகினர் என்றும், எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் ஊரறியத் தம் திறமையைக் காட்டினர் என்றும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்களுக்கான சைக்கிள் போதாமையால் ஆண்கள் சைக்கிளிலேயே பலர் கற்றனர். நடுவிலுள்ள பாரில் பிள்ளையை இருத்திக்கொள்ளலாம் என்று அதையே விரும்பினோரும் உண்டாம். தொடக்கத்தில் அவர்களையும் பழித்துப் பேசினர். அவர்கள் கேட்டுவிட்டு உலை வைக்கப் போகவில்லை. ஒருத்தி விழுந்தால் தூக்கிவிட இன்னொருத்தி பக்கத்தில் நின்றாள், வேறுபாடு அவ்வளவே.

அப்படியாயின் சைக்கிளைப் பற்றிப் பேசினால் போதாதா, ஒற்றைச் சில்லு எதற்கு என்று கேட்பீர்கள். சைக்கிளை நம்மூர்ச் சிறுவன் ஏழு வயதிலேயே ஓட்டிவிடுகிறான். ஆகவே ஐம்பது வயதில் பழக வருபவர் சிறுவனுக்கு முன் நாணுகிறார். ஒற்றைச் சில்லிலோ எல்லோரும் பாலர் வகுப்புத்தான். இருபது வயதுக் காளையும் விழுவான்; ஐம்பது வயது ஆசிரியரும் விழுவார். சிரிப்பதற்கு அங்கே மதிலின்மேல் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். பெரியவரும் இளைஞரும் ஒரே நாளில் ஒரே படியிலிருந்து தொடங்கக்கூடிய வித்தைகள் உலகில் சிலவே. அவற்றுள் இது ஒன்று.

வண்டியின் அமைப்பு மிக எளிது. ஒரு சில்லு, இரண்டு மிதி, ஒரு சீற், அவ்வளவே. கைபிடியும் இல்லை, சங்கிலியும் இல்லை. மிதிகள் சில்லின் அச்சோடு நேராகப் பூட்டப்பட்டவை. ஆதலால் மிதித்தால் சில்லு உருளும். மிதிப்பதை நிறுத்தினால் நிற்கும். பின்புறமாக மிதித்தால் பின்னே செல்லும். நீண்ட தடியொன்றை உள்ளங்கையில் நிறுத்தி விளையாடியிருப்பீர்கள். தடி எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே கையைக் கொண்டுபோவீர்கள். இங்கே தடி நம் உடல், உள்ளங்கை சில்லு. உடல் முன்னே சாய்ந்தால் சற்று விரைந்து மிதித்துச் சில்லை உடலின் கீழே கொண்டுவரவேண்டும். பின்னே சாய்ந்தால் மிதியைத் தாமதிக்கவேண்டும். அசையாமல் நிற்க முயல்பவன் விழுவான். சாய்வை ஏற்றுக்கொண்டு நகர்பவன் நிலைப்பான்.

பழகும் முறையையும் சுருக்கமாகச் சொல்லுகிறோம். மிதி கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நேராக நீளுமாறு சீற்றை உயர்த்துக. ஒரு பக்கம் மதிலையும் மறுபக்கம் நண்பரின் தோளையும் பற்றுக. உடலின் பாரம் மிதியில் அன்றிச் சீற்றில் இருக்கட்டும். பார்வை சில்லில் வேண்டாம். எதிரேயுள்ள தென்னையில் இருக்கட்டும். பொதுவாகப் பத்துப் பதினைந்து மணி நேரப் பயிற்சியில் பலர் தனியே சில முழம் ஓட்டிவிடுவர். வயது முதிர்ந்தோருக்குச் சற்றுக் கூடலாம்; அதனாலென்ன? நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழகுவதே மேல். விழும்போது முன்னே கைபிடி தடுக்காமையால் பெரும்பாலும் காலூன்றி இறங்கிவிடலாம். எனினும் தலைக்கவசமும் மணிக்கட்டுக் காப்பும் இன்றி எவரும் ஏறலாகாது. எலும்பு தேய்ந்தோரும் தலைச்சுற்று உள்ளோரும் வைத்தியரைக் கேட்ட பின்னரே முயல்க. விழுந்து எழும்புவது வேறு. இடுப்பெலும்பை முறித்துக்கொள்வது வேறு.

காலும் கையும் கண்ணும் ஒத்தியங்கும் வித்தை நம் பகுதிக்குப் புதிதன்று. மருதமுனைக் கைத்தறியின் பெயர் நாடெங்கும் பரந்தது. தறியில் அமர்ந்தவருடைய கால்கள் மிதிகட்டையை மாறி மாறி மிதிக்கின்றன. கை நாடாவை ஓட்டுகிறது. கண் துணியில் இருக்கிறது. காலைப் பார்த்து மிதிக்கும் நெசவாளரை நீங்கள் கண்டதுண்டா? அங்குள்ள முதியவர் ஒருவரிடம் இதைக் கேட்டபோது, “தம்பி, காலை நினைச்சா நூல் அறும், கால் தன்பாட்டில போகோணும்” என்றார். ஒற்றைச் சில்லுக்கு இதைவிடச் சிறந்த பாடம் எந்தப் புத்தகத்திலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரிய நீலாவணைக்கும் பாண்டிருப்புக்கும் நடுவே இருந்துகொண்டு நமக்கு உடுக்கத் துணி தந்த ஊர், கற்கும் முறையையும் தருகிறது.

இது வெறும் விளையாட்டென்று எண்ணவேண்டாம். ஒஸ்திரியாவின் கிராஸ் நகர ஆராய்ச்சியாளர் 2019 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மூன்று வாரம் ஒற்றைச் சில்லு பழகியோரின் மூளை அமைப்பில் மாற்றங்கள் காணப்பட்டன. அவர்கள் இளவயதினரே. எனினும் ஜேர்மனியில் 2008 இல் வெளியான ஆய்வொன்றில், அறுபது வயதளவினர் மூன்று பந்துகளை மாறி மாறி எறிந்து பிடிக்கப் பழகியபோது அவர்களுடைய மூளையிலும் மாற்றம் தெரிந்தது. முதிர்ந்த மூளை உலர்ந்த மட்டையன்று. நீர் கண்டால் துளிர்க்கும் வேர் என்க. யப்பானில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் ஒற்றைச் சில்லோடு விளையாடுகின்றனர். இதற்கென ஒரு சர்வதேசச் சம்மேளனம் 1982 முதல் இயங்குகிறது. இங்கிலாந்தின் எட் பிராட் என்னும் இளைஞர் 2015 இல் புறப்பட்டு ஒற்றைச் சில்லிலேயே உலகைச் சுற்றி 2018 இல் வீடு திரும்பினார். நாம் உலகைச் சுற்றவேண்டியதில்லை. கோயில் வீதியைச் சுற்றினால் போதும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஓர் இன்பம் உண்டு. தோளைப் பற்றியிருந்த கை எப்பொழுது விடுபட்டதென்று தெரியாமலே நாலு முழம் போய்விடுவோம். அந்தக் கணத்தில் வயது நினைவில் இராது. முதன்முதல் நடந்த நாளின் மகிழ்ச்சி நமக்கு நினைவில்லை. இது அதற்கு ஈடாகக் கிடைப்பது.

ஆகவே சங்கத்துக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. ஒற்றைச் சில்லு வண்டி ஒன்றை வாங்கி வையுங்கள். அதன் பக்கத்தில் ஒரு பழைய சைக்கிளும் இருக்கட்டும். ஞாயிறு மாலைகளில் நம் மைதானத்தைப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் திறந்துவிடுங்கள். மருதமுனை நண்பர்களும் தங்கள் பெரியவர்களை அழைத்து வரட்டும். இளைஞர்களே, உங்களிடம் பணம் கேட்கவில்லை, தோளைத்தான் கேட்கிறோம். அன்று மாமி விழுந்தபோது மதிலிலிருந்து இறங்கி வருவதற்கு எங்களுக்கு ஆறடி தூரங்கூட இருக்கவில்லை. அந்த ஆறடியை நாங்கள் நடக்கவில்லை.

அந்த மாமி இச்சபையில் அமர்ந்திருக்கிறார் என்று சற்று முன்னர்தான் அறிந்தோம். ஊரார் முன்னிலையில் சிரித்தவர்கள் ஊரார் முன்னிலையிலேயே சொல்லவேண்டும் அல்லவா? மாமி, எங்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வரும் ஞாயிறு சைக்கிளைக் கொண்டு வாருங்கள். நாங்கள் பிடித்துக்கொள்கிறோம், நீங்கள் சொன்னால் மட்டுமே விடுவோம்.