சாவி யாரிடம்? – பொதுச் சர்வரும் அனுமதிகளும்

கேமரன் மலையில், தேயிலைத் தோட்டம் ஒன்றிலுள்ள தமிழ்ப்பள்ளியில் நான் ஆசிரியை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சாவியின் அருமை தெரியும். கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு யாரும் போகலாம். ஆலைக்குள் அங்கே வேலையுள்ளவர்தாம் போகலாம். உரமும் மருந்தும் வைத்த ஸ்டோரின் சாவி ஸ்டோர்க்காரரிடம் இருக்கும். சம்பளக் கணக்கான செக்ரோலோ கிராணியார் மேசையை விட்டு அசையாது. மண்டோர் தம் ஆட்களின் வருகையைச் சொல்வார்; செக்ரோலில் கை வைக்க மாட்டார். இதை அவமதிப்பு என்று யாரும் எண்ணியதில்லை.

இந்த ஒழுங்கைக் கணினிக்கு வந்ததும் நாம் மறந்துவிடுகிறோம். நானும் மறந்தேன்.

சர்வர் என்பது பலருக்கும் பொதுவாக ஓரிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கணினி. அதில் இயங்கி, இணையத்தின் வழியே நம் கைப்பேசித் திரைக்கு வரும் நிரலை இணையச் செயலி என்கிறோம். தனிச் சர்வர் வைத்துக்கொள்ள எங்களைப் போன்ற சிறிய பள்ளிக்கு வசதி ஏது? சில பள்ளிகள் சேர்ந்து ஒரே சர்வரில் இடம் பிடித்திருந்தோம். எங்கள் பள்ளிப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. கணினி படித்தவள் என்பதால் அன்று. வேறு யாரும் கை தூக்கவில்லை என்பதால்!

மாணவர் படங்களைப் பதிவேற்றும் செயலி ஒன்று, ஒரு நாள் “அனுமதி மறுக்கப்பட்டது” என்று நின்றுவிட்டது. பட்டணத்தில் கணினி பழுது பார்க்கும் தம்பி ஒருவரைத் தொலைபேசியில் கேட்டேன். “எல்லாத்துக்கும் 777 போடுங்க டீச்சர், ஓடிடும்” என்றார். மேல் கோப்புறையிலிருந்து அடிவரை போட்டேன். ஓடியது. மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போனேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு மாணவனின் தாயார் பள்ளிக்கு வந்தார். கொழுந்து எடுப்பவர், சத்தம் போடவில்லை. “டீச்சர், எங்க வீட்டுக்காரர் சம்பளம் எவ்வளவுன்னு அடுத்த தோட்டத்துல இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேட்டார். உதவி நிதிக்காகப் பெற்றோரின் வருமானத்தையும் அடையாள அட்டை எண்ணையும் பட்டியலிட்டு, அதே இடத்தில்தான் வைத்திருந்தேன். அதே சர்வரில் கணக்கு வைத்திருந்த இன்னொருவர் கண்ணில் அது பட்டிருக்கிறது. அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கதவைத் திறந்து வைத்தவள் நான்.

அந்த 777 என்ன என்று சொல்கிறேன். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் 1969-இல் தொடங்கிய யூனிக்ஸ் முறையின் வழிவந்தது இது. 1991-இல் பிறந்த லினக்ஸும் இதே வழியைப் பின்பற்றுகிறது. ஒவ்வொரு கோப்பையும் பற்றி, உரிமையாளர், குழுவினர், மற்றவர் என மூவகையினரைக் கணினி பிரித்துப் பார்க்கிறது. ஒவ்வொரு வகையினருக்கும் படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் 7. மூன்று வகையினருக்கும் 7 கொடுத்தால் 777. அதாவது ஸ்டோர், ஆலை, செக்ரோல் எல்லாவற்றின் சாவியையும் பெரட்டுக் களத்தில் ஆணியில் மாட்டிவைப்பது.

640 என்றால் உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம், குழுவினர் படிக்க மட்டும், மற்றவருக்கு ஒன்றுமில்லை. கோப்புறைக்கு மட்டும் பொருள் சற்று மாறும். அங்கே ‘இயக்க’ என்றால் உள்ளே நுழைய. ‘எழுத’ என்றால் உள்ளே கோப்பு வைக்கவும் எடுக்கவும். ஆகவே கோப்பை எழுத முடியாதபடி பூட்டியிருந்தாலும், கோப்புறையில் நுழையவும் எழுதவும் உரிமையுள்ளவர் அதை அழித்துவிடலாம். பெட்டிக்குப் பூட்டு இருந்தென்ன, ஸ்டோருக்குள் புகுந்தவன் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனால்?

எங்கள் கோளாறுக்கு மருந்து மிகச் சிறியது. படங்கள் சேரும் அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும், செயலி ஓடும் பயனர் பெயரைக் குழுவாக்கி 770 கொடுத்திருந்தால் போதும்.

இத்தகைய தவறு நம்மோடு தொடங்கியதன்று. ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் சி.டி.எஸ்.எஸ். என்னும் முறையை, எம்.ஐ.டி. கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் 1961-இல் செய்து காட்டினர். ஆளுக்கொரு கடவுச்சொல் உண்டு. பின்னர் 1960-களின் நடுவில் ஒரு நாள் பிற்பகல், உள்ளே நுழைந்தவர்களின் முன் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்து நின்றன! அந்த முறையை நிருவகித்தவர்கள் ஒரே கோப்புறையைக் கூட்டாகப் பயன்படுத்தினர். திருத்தும் நிரலோ ஒரு கோப்புறையில் ஒருவர்தாம் வேலை செய்வார் என்று நம்பி, தற்காலிகக் கோப்புக்கு ஒரே பெயரை வைத்தது. ஒருவர் அறிவிப்பைத் திருத்தும் வேளையில் இன்னொருவர் கடவுச்சொல் பட்டியலைத் திருத்த, இரண்டும் இடம் மாறிவிட்டன. கார்பட்டோவே பிற்காலத்தில் தம் டூரிங் விருது உரையில் இதைச் சொன்னார். கெட்டவர் ஒருவரும் இல்லாமலே இது நடந்தது. பள்ளி அலுவலகத்தில் ஒரே கடவுச்சொல்லை ஐந்து பேர் வைத்திருப்பதைக் காணும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

1975-இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்னும் இருவர் தங்கள் ஆய்வுக் கட்டுரையில் இதற்கொரு விதி வகுத்தனர். ஒவ்வொரு பயனருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும் அதன் வேலைக்குத் தேவையான மிகக் குறைந்த உரிமையே இருக்கவேண்டும் என்பது அது. ‘ஒவ்வொரு நிரலுக்கும்’ என்பதைக் கவனியுங்கள். நாம் மனிதர்களையே நினைக்கிறோம். செயலியும் ஓர் ஆள்தான். பல பள்ளிகளின் செயலிகளும் ஒரே பயனர் பெயரில் ஓடினால், ஒரு பள்ளியின் செயலியில் ஓட்டை விழும்போது அதன் வழியே மற்றப் பள்ளிகளின் கோப்புகளும் போய்விடும். செயலிக்கொரு பயனர், தரவுத்தளத்துக்குள் நுழையவும் செயலிக்கொரு தனிக் கணக்கு என்று பிரிப்பது நலம். மதிப்பெண்ணைக் காட்ட மட்டுமே உள்ள செயலிக்கு அதை அழிக்கும் உரிமை எதற்கு? தரவுத்தளக் கடவுச்சொல் எழுதிய அமைப்புக் கோப்பைத்தான் முதலில் மற்றவர் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும். எல்லாவற்றையும் திறக்கும் ‘ரூட்’ கணக்கில் செயலியை ஓட்டவே கூடாது.

பெரிய இடங்களுக்கும் விலக்கில்லை. பெற்றோர் பலர் அறிந்த சாப்ஸ் என்னும் தேர்வுப் பகுப்பாய்வுத் தளத்தில் பாதுகாப்புக் குறை இருப்பதாக 2018 ஜூனில் செய்தி வந்ததும், கல்வி அமைச்சு அதைத் தற்காலிகமாக மூடியது.

எங்கள் பள்ளியில் மாற்றலாகிப் போன ஆசிரியர்களின் கணக்குகள் உயிரோடு இருந்தன, முடக்கினேன். ஒருவர் ஓய்வு பெற்றே போய்விட்டார், பாவம், தமக்குக் கணக்கு இருந்ததே அவருக்கு நினைவில்லை. மீதமிருந்தவருக்குத் தனித்தனிக் கடவுச்சொல் கொடுத்தேன். வருமானப் பட்டியலை, இணையம் எட்டும் கோப்புறைக்கு வெளியே கொண்டுபோய் 600 போட்டு வைத்தேன். சர்வரைப் பராமரிப்பவர் ரூட் கணக்கால் அதையும் திறக்கலாம் என்பதால், கோப்பைப் பூட்டுச்சொல்லிட்டு மறைகுறியாக்கியும் வைத்தேன்.

அந்தத் தாயார் மறு ஆண்டும் படிவம் நிரப்ப வந்தார். பேனாவை எடுத்தவர், வருமானம் என்ற கட்டத்தில் நிறுத்தி, “இதை யார் யார் பார்ப்பாங்க, டீச்சர்?” என்று கேட்டார். “தலைமையாசிரியர், அப்புறம் நான்” என்றேன். சற்று நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, எழுதினார்.