பதினெட்டு ஆண்டு ஆட்டம்



அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட உலகில் டிம் டங்கன் என்றொருவர்; கூடைக்கு அருகே நின்று ஆடும் முன்வரிசை ஆட்டக்காரர். கரீபியத் தீவொன்றில் பிறந்து, நீச்சல் வீரராக வளர்ந்தவர். 1989-இல் வீசிய பெரும்புயல் அவர் பயின்ற நீச்சல் குளத்தை அழித்துவிட்டது. அதன் பின்னரே பந்தைக் கையில் எடுத்தார். 1997 முதல் 2016 வரை சான் அன்டோனியோ நகரத்து அணி ஒன்றுக்காகவே 19 பருவங்கள் ஆடி, ஐந்து முறை பட்டம் வென்று ஓய்வு பெற்றார்.

ஏறத்தாழ அதே காலம் ஆடிய ஒரு பெண்மணி நம் அண்டையிலுள்ள சென்னையில் தோன்றியிருக்கிறார். அவர் அனிதா பால்துரை. 1985-இல் பிறந்த அவர், 2000 முதல் 2017 வரை இந்திய மகளிர் அணியில் ஆடினார். 19 வயதிலேயே அணித் தலைவியானார். ஆசிய மகளிர் போட்டியில் தொடர்ந்து ஒன்பது முறை களம் இறங்கினார். பெரும்பாலும் ஈராண்டுக்கு ஒருமுறை நடப்பது அப்போட்டி. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்! தேசியப் போட்டிகளில் அவர் பெற்ற பதக்கங்கள் 30.

காலம் ஒன்றாயினும் வாய்ப்பு ஒன்றன்று. அமெரிக்கத் தொழில்முறை அணி வழக்கமாகப் பருவத்துக்கு 82 பந்தயங்கள் ஆடுகிறது. இறுதிச் சுற்றுகளைச் சேர்க்காமலே டங்கன் ஆடியவை 1392. அனிதாவின் காலத்தில், ஆட்டத்தையே பிழைப்பாகக் கொள்ளத்தக்க மகளிர் போட்டி அமைப்பு எதுவும் நம் நாட்டில் நிலைத்து நிற்கவில்லை. ஆண்டுக்கு ஒரு தேசியப் போட்டி, சில கோப்பைப் பந்தயங்கள், எப்போதேனும் ஓர் அயல்நாட்டுப் பயணம், அவ்வளவே. அவருக்குச் சோறு போட்டது தென்னக இரயில்வே உத்தியோகம். அடுத்த பந்தயத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்து உடலைப் பழுதின்றி வைத்திருப்பது, வாரத்துக்கு மூன்று பந்தயம் ஆடுவதைவிட எளிதென்று எனக்குத் தோன்றவில்லை.

நம் புதுவைக்குப் பிரெஞ்சுக்காரர் விட்டுச் சென்றது இரும்புக்குண்டு எறியும் ஆட்டம். இன்றும் பெரியவர்கள் அதை விடாமல் ஆடுகிறார்கள். கூடைப்பந்தோ 1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர், பழக்கூடையை மேல்மாடத்தில் மாட்டித் தொடங்கியது. அவர் பணியாற்றிய இளைஞர் கிறித்தவ சங்கமே அதை ஆசியாவுக்கும் கொணர்ந்தது. அச்சங்கத்தின் உடற்பயிற்சிக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் நிறுவினார்.

கல்லூரி ஆடுகளங்களைப் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறேன். முதலாண்டில் துள்ளி ஆடும் பெண்கள் பலர் மூன்றாம் ஆண்டில் பந்தைத் தொடுவதில்லை. "இதனால் என்ன பயன்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கு அனிதாவின் வாழ்வில் ஒரு விடை உண்டு. இரயில்வே முதலிய துறைகள் விளையாட்டு வீரர்க்கென இடங்கள் ஒதுக்குகின்றன. ஆனால் அவற்றுக்கு வயது வரம்பு உண்டு. பெரிய போட்டிகளில் ஆடிய சான்றிதழும் கேட்பார்கள். இடையில் விட்டவளிடம் அது இருப்பதில்லை.

அனிதாவின் இறுதி ஆண்டான 2017-இல், பெங்களூரில் நடந்த ஆசியக் கோப்பை இரண்டாம் பிரிவில் இந்திய மகளிர் கஜகஸ்தானை 75–73 என்று வென்று முதற்பிரிவுக்கு ஏறினர். 2021-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.